மைக் அக்காவும் அறுபட்ட பெஞ்சும்

மைக் அக்கா தப்பான நேரம் சொல்லி யாரும் கேட்டதில்லை. பழைய பஸ் நிலையத்தின் அறிவிப்பு அறையில், கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் சொன்ன நேரத்தை நம்பித்தான் இந்த ஊர் பல் துலக்கியது, பள்ளிக்கூடம் போனது, ஆஸ்பத்திரிக்கு ஓடியது. வீட்டுக் கடிகாரம் ஒன்று காட்டி அக்கா வேறொன்று சொன்னால், எழுந்து போய்க் கடிகாரத்தைத்தான் திருத்துவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. அது அடையாள அட்டையோடு சரி. கடைக்காரர்கள் முதல் கைக்குழந்தைகள் வரை எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

புது பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இப்போது பதிவு செய்த குரல் ஒன்று பேசுகிறது. சளி பிடிக்காத, கொட்டாவி விடாத குரல். அக்காவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பழைய கட்டடம் புறாக்களுக்குச் சொந்தமானது. இடித்துத் தள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டபோது, எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவருக்குப் பொறுக்கவில்லை. தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திப் பேசி, ஒரு குழு சேர்த்து, நகராட்சியின் காலில் விழாத குறையாகக் கேட்டுக் கட்டடத்தை வாங்கிவிட்டார். ஊரின் பழைய பொருட்களுக்கு ஓர் அருங்காட்சியகம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது. ஊர் வாயில் அது 'பழைய சாமான் வீடு'. எந்த ஓடு ஒழுகும், எந்தக் கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அக்காவுக்குத்தானே தெரியும்? சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

ஊரும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. போட்டோ ஸ்டுடியோக்காரரின் மகள் அந்தப் பெரிய திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வளைந்து மேலேறும் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை. ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் அந்தப் படியோரம் ஒய்யாரமாக நிற்கும் படம் உண்டு. இப்போது வந்து பார்ப்பவர்கள் தங்களை அறியாமல் அதே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முடிவெட்டும் கடையின் சுழல் நாற்காலி, குழந்தைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பலகையோடு வந்தது. அதைப் பார்த்ததும் பேரன் எடுத்தவர்கள்கூடப் பிடரியைத் தடவிக்கொண்டார்கள். எல்லோரையும் கொஞ்சம் கூட்டியே காட்டி ஊரின் மனத்தைப் புண்படுத்திய எடை இயந்திரமும் வந்தது. அக்காவின் மைக்கும் அதன் பெட்டியும் பழைய ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தன. மருந்துக்கடைக்காரர் அதன் முன்னால் 'தொடாதீர்கள்' என்று அட்டை வைத்தார். அந்த அட்டையை நகர்த்திவிட்டுத் தினமும் மைக்கைத் துடைத்தது அக்காதான்.

அங்கே அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு. கொடுப்பவர் தானே கொண்டுவந்து, தன் கையால் இடத்தில் வைக்க வேண்டும். ஆள் மூலமாக அனுப்பினால் உள்ளே விடமாட்டாள். "பொருள் மட்டும் வந்தா அது பழைய சாமான். ஆளும் கூட வந்தாத்தான் அது என்னன்னு நமக்குத் தெரியும்" என்பாள். அப்படி வந்தவர்கள் பொருளை வைத்துவிட்டு உடனே போனதில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி, அழ வேண்டியவர்கள் அழுது, போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டுத்தான் போனார்கள்.

எல்லாம் வந்துவிட்டது. ஊர் கேட்ட பொருள் ஒன்று மட்டும் வரவில்லை. "சைக்கிள் கடை பெஞ்சு எங்கக்கா?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் அக்கா காது கேளாதவள் மாதிரி புறாவை விரட்டப் போய்விடுவாள். ஏனென்றால் அது அவள் அப்பாவின் பெஞ்சு.

அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பின் மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள்கள், டியூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஸ்பேனர்கள், கடை வாசலில் நீளமாக ஒரு மரப் பெஞ்சு. வெளியே போன சைக்கிள் திரும்பி வரும்வரை அடுத்த ஆள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அப்படி இந்த ஊரே அதில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது. பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன், காதலியின் தெருவில் ஒரு ரவுண்டு அடிக்கத் துடிக்கிறவன், சும்மா வாய் பார்க்க வந்தவன் எல்லோரும் தொடையோடு தொடை இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் பலகை நடுவில் பள்ளமாகி, கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா தன் மூன்று பிள்ளைகளையும் அதில்தான் வரிசையாக உட்காரவைப்பார். தம்பிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கிள்ளிக்கொள்வார்கள், கடிப்பார்கள், ஒருவன் தொட்டித் தண்ணீருக்குள் போய் விழுவான். ஆகவே நடுவில் எப்போதும் அக்கா. இடது பக்கம் பெரியவன், வலது பக்கம் சின்னவன். அவள் நடுவில் உட்கார்ந்தால்தான் கடையில் வியாபாரம் நடக்கும்.

அப்பா போன பிறகும் தம்பிகள் சில வருடம் ஒழுங்காகத்தான் கடையை நடத்தினார்கள். வாடகை சைக்கிளுக்கு ஆள் குறைந்தபோது, மொபெட் ரிப்பேருக்கு மாறலாம் என்றான் பெரியவன். அப்பாவின் சைக்கிளைத் தொட்டால் கை இருக்காது என்றான் சின்னவன். பேச்சு வளர்ந்து, கடைக்கு நடுவே சுவர் எழும்பியது. பம்ப்பில் ஆரம்பித்து ஸ்பேனர் வரை பங்கு போட்டார்கள். கடைசியில் பெஞ்சு மிஞ்சியது. எனக்கு உனக்கு என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினார்கள். யாரோ ஓடிப்போய் அக்காவுக்குச் சொல்ல, அடுத்த பஸ்ஸை அறிவிப்பதற்குள் திரும்ப வேண்டுமே என்று அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். சொல்லிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். ஒருத்தனும் அசையவில்லை. எரிச்சலின் உச்சியில், "அப்ப ரம்பத்தை எடுத்து நடுவுல அறுத்து ஆளுக்குப் பாதி தூக்கிட்டுப் போங்கடா!" என்று கத்திவிட்டு மைக்குக்குத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது கடை வாசலில் மரத்தூள் கிடந்தது.

அக்கா சொல்லி எது தப்பாகியிருக்கிறது? அந்த நம்பிக்கையில் இரண்டு முட்டாள்களும் சேர்ந்து அறுத்திருக்கிறார்கள். ரம்பத்தின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறு முனையை இவன் பிடிக்க, அவர்கள் ஒற்றுமையாகச் செய்த கடைசி வேலை அதுதான். பாதிப் பெஞ்சுக்கு ஒரு பக்கம்தான் கால் இருக்கும். மறுபக்கத்துக்குச் செங்கல் முட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். பெரியவன் தன் பாதிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து வீட்டு வாசலில் போட்டான். சின்னவன் தன் பாதியை அப்படியே கடையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு அக்கா தன் தம்பிகளையும் பஸ் மாதிரிதான் ஓட்டினாள். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டு வண்டி நிற்கக்கூடாது என்பது அவள் தொழில் தர்மம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவன் அவள் வீட்டுக்கு வருவான், சாயங்காலம் சின்னவன். இடையில் டம்ளரைக் கழுவி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இவன் வந்த சுவடு அவனுக்குத் தெரியாமல் துடைத்துவிடுவாள். பஸ் டிரைவராக இருந்த அவள் புருஷன் இறந்த அன்றைக்கும் ஒருவனை முன்வாசலில் நிறுத்தி, மற்றவனைக் கொல்லைப்புறமாக வரவழைத்தாள். அழுதுகொண்டேதான் செய்தாள், ஆனால் நேரம் பிசகாமல் செய்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. இந்த இரண்டும்தான் பிள்ளைகள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவள் வெளியே சொன்னதில்லை. உள்ளுக்குள் சொல்லாத நாளும் இல்லை.

இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தாள். அப்போது பெரியவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வெளிநாட்டுக்குக் கூப்பிடுறா மக. வீட்டை வித்துட்டோம். அடுத்த ஞாயிறு கிளம்பணும்க்கா."

"எப்ப திரும்பி வருவே?"

"பாக்கலாம்க்கா" என்றான். முழங்கால் வலியோடு நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்தான். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகிறவன் எங்கே திரும்பி வரப்போகிறான் என்று அக்காவுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். வாசலில் செருப்பை மாட்டும்போது, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் சின்னவன் வந்தபோது நாற்காலி திருப்பிப் போடாமல் கிடந்தது. டம்ளர் கழுவாமல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவன் கிளம்பும்போது அக்கா தன் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொன்னாள்.

"உங்கண்ணன் அவன் பாதிப் பெஞ்சைச் சாமான் வீட்டுக்குக் குடுத்துட்டான்."

சின்னவனுக்கு மூக்கு விடைத்தது. "அவர் குடுத்தா நான் என்ன குறைஞ்சு போயிட்டேன்? நானும் தர்றேன்."

மறுநாள் பெரியவனிடம் அதே பொய்யை ஆள் மாற்றிச் சொன்னாள். அவனும் அதே மாதிரிதான் விடைத்தான். மூக்கு இரண்டும் அப்பாவின் மூக்கு. சனிக்கிழமை சாமான் வீட்டுக்கு முறையான திறப்பு விழா என்பதால் இருவரையும் வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். வழக்கமாக என்றால் ஒருவனுக்குக் காலை, ஒருவனுக்கு மத்தியானம். இந்தத் தடவை இருவருக்கும் பத்து மணி என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். இரண்டு வண்டியையும் நேருக்கு நேர் விட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்காரர் ஏணியில் நின்று தோரணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். கூரைமேல் இருந்த பழைய ஒலிபெருக்கிக் குழாயை எலக்ட்ரீஷியன் முந்தின நாளே சரிபண்ணி, விழாவுக்காக அக்காவின் மைக்கோடு இணைத்துவைத்திருந்தான். பெரியவன் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். பச்சைப் பெஞ்சை டிரைவரோடு சேர்ந்து தூக்கிவந்து காத்திருப்போர் கூடத்தில் வைத்தான். தன் செங்கல்லையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தான்.

அவன் நிமிர்ந்தபோது வாசலில் சின்னவன் நின்றான். சைக்கிள் கேரியரில் குறுக்காகக் கட்டிய பாதிப் பெஞ்சு, பையில் செங்கல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவனின் தலை முழுக்க வெளுத்துப்போனதைச் சின்னவன் பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அக்கா" என்றான் சின்னவன், அண்ணனைப் பார்க்காமல். "பத்து மணின்னுதானே சொன்னே?"

"ஆமா."

"அவருக்கு?"

"அவனுக்கும் பத்து மணிதான்."

"நீ டைம் மாத்திச் சொல்ல மாட்டியே. வேணும்னே பண்ணியிருக்கே!" கயிற்றை அவிழ்த்தான். பெஞ்சை வாசற்படியிலேயே இறக்கினான், செங்கல் பையை அதன்மேல் வைத்தான், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். பெரியவன், "பாத்தியாக்கா, அவனுக்கு இன்னும் கோபம் போகலை" என்று சொல்லிக்கொண்டே தூணைப் பிடித்தான்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பெஞ்சு அறுபட்ட அன்று வந்த அதே கோபம். விறுவிறுவென்று அறிவிப்பு அறைக்குள் போனாள். 'தொடாதீர்கள்' அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். கூரைமேல் குழாய் கொர்ரென்று தொண்டையைச் செருமியது. புறாக்கள் கூட்டமாக எழும்பின. மருந்துக்கடைக்காரர் ஏணியில் ஆடிப்போனார்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு."

கடைத்தெரு அப்படியே நின்றது. எத்தனை வருடமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! காய்கறிக் கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைத் திருகினார்.

"சைக்கிள் கடைச் சின்னவர் எங்கிருந்தாலும் உடனடியாகக் காத்திருப்போர் கூடத்துக்கு வரவும். உங்கள் அண்ணன் உங்களுக்காக நின்றுகொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரை விட்டுப் புறப்படுகிறார்." அதுவரை பஸ் நிலையக் குரலாக இருந்தது அங்கே தடுமாறியது. "திரும்பி வர மாட்டான்டா. இதுதான்டா கடைசி வண்டி. இதுக்கப்புறம் வண்டி கிடையாது. என்னால இனிமே ரெண்டு பேருக்கும் தனித்தனியா டைம் சொல்லிக்கிட்டுக் கிடக்க முடியாது."

சுவிட்சை அணைத்தாள். அக்கா மைக்கின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டோமே, இனி அவன் ஞாயிற்றுக்கிழமைகூட வரமாட்டானோ என்று பயந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் செயின் சத்தம் கேட்டது. சின்னவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்திருந்தான், துடைத்த இடத்தில் கிரீஸ் இருந்தது. வாசலில் கிடந்த தன் பாதியைத் தோளிலும் செங்கல் பையைக் கையிலும் தூக்கி உள்ளே கொண்டுவந்து, பச்சைப் பாதிக்கு முனையோடு முனை ஒட்டினாற்போல வைத்தான். குனிந்து பார்த்தான்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு, அந்தச் செங்கல் பத்தாது, ஆடுது."

"நான் இன்னிக்கு லீவு" என்றாள் அக்கா.

மருந்துக்கடைக்காரர் ஏணியில் மூச்சை அடக்கிக்கொண்டார். சின்னவன் தலையைத் தூக்கவில்லை.

"செங்கல் பத்தாதுண்ணே" என்றான்.

"உன்கிட்ட இருக்கா?"

"ம்."

"குடு."

இருவரும் மண்டியிட்டார்கள். பெரியவனுக்கு முழங்கால் மடங்கவில்லை. சின்னவன் அவன் கையைப் பிடித்து மெல்ல இறக்கினான். செங்கல்லை நகர்த்தி, ஆட்டிப் பார்த்து, ஒரு காகிதத்தை மடித்துச் செருகி, மறுபடி ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி பழுப்பு. ரம்பம் கோணலாக அறுத்ததில், நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மருந்துக்கடைக்காரர் கீழே இறங்கிவந்து, சாயங்காலம் தச்சரை வரச்சொல்லித் தகடு அடித்துவிடலாம், பச்சையைச் சுரண்டி ஒரே நிறமாக்கிவிடலாம் என்றார்.

"ஒண்ணும் சுரண்ட வேண்டாம். எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அவள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமாக இரண்டு பாதிகளையும் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறாள். சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, ரம்பம் எங்கே போயிருக்கிறது என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் உட்கார்ந்த இடம். அவர்கள் இருவரையும் இரண்டு கையால் பிடித்து நிறுத்திய இடம்.

"என் இடத்துலதான்டா அறுத்திருக்கீங்க" என்றாள்.

பெரியவன் தன் பாதியில் உட்கார்ந்தான், இடது பக்கம். சின்னவன் தயங்கிவிட்டு வலது பக்கம் உட்கார்ந்தான். 'தொடாதீர்கள்' அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மருந்துக்கடைக்காரர், அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அக்கா நடுவில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு முனகியது, ஆனால் தாங்கியது. மூன்று பேரும் எதிரே பஸ் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு, எந்தச் சைக்கிளோ திரும்பி வர வேண்டும் என்பதுபோலக் காத்திருந்தார்கள். அவள் தொடையில் இருபக்கமும் தம்பிகளின் தொடை இடித்தது.

"ஏழாம் நம்பர் சைக்கிள் இன்னும் வச்சிருக்கியா?" என்றான் பெரியவன்.

"பிரேக் பிடிச்சா இன்னும் அழுவுது" என்றான் சின்னவன். பெரியவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் உடம்பு குலுங்கப் பலகை அசைந்தது. அக்கா சுருக்கென்று நெளிந்தாள்.

"என்னக்கா?"

"சேலை மாட்டிக்கிச்சு, இடுக்குல. சதையையும் சேத்துக் கவ்வுது."

"அய்யோ, இரு இரு, எழுந்திரிக்கிறோம்" என்று இருவரும் ஒன்றாகவே கிளம்பினார்கள். அக்கா இரண்டு கையையும் நீட்டி, ஆளுக்கொரு முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"யாரும் எழுந்திரிக்க வேண்டாம். அப்படியே உக்காருங்கடா ரெண்டு பேரும்."